மூடும் முன் பாருங்கள்

சொந்த நிலத்தில் வீடு கட்டும் குடும்பங்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். கூரை ஏறும்வரை குத்தகையாளரிடம் எதையும் கேட்க மாட்டார்கள். சாயம் பூசி முடித்த பிறகு ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்துக் குறை சொல்லத் தொடங்குவார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து. கண்ணில் படும் பிழைகளில் பெரும்பாலானவை சிறியவை. ஆபத்தானவை கான்கிரீட்டுக்குள்ளும் டைல்ஸுக்கு அடியிலும் ஒளிந்துகொள்கின்றன. அவற்றைப் பார்க்க நமக்குக் கிடைப்பது மூடுவதற்கு முந்தைய சில மணி நேரம் மட்டுமே.

நம்மில் பலருடைய பெற்றோர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். அங்கே வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போனது. அப்படிப்பட்ட குடும்பத்தின் முதல் சொந்த வீட்டில் ஊழியர் சேமநிதிப் பணமும் பல ஆண்டு வங்கிக் கடனும் கலந்திருக்கின்றன. ஒரு கைப்பேசி வாங்கக் கடைக்காரரிடம் பத்துக் கேள்வி கேட்கும் நாம், வீட்டு விஷயத்தில் மட்டும் "நம்ம ஆளுதானே, தப்பாக நினைத்துக்கொள்வார்" என்று தயங்குகிறோம். "நாம் என்ன இன்ஜினியரா?" என்றும் ஒதுங்குகிறோம். தூணின் கனத்தைக் கணக்கிட இன்ஜினியர்தான் வேண்டும். ஆனால், வரைபடத்தில் உள்ளபடி வேலை நடக்கிறதா என்று பார்க்க இடைநிலைப்பள்ளி அறிவியலே போதும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. சிமெண்டும் நீரும் வேதிவினை புரிவதால்தான் அது இறுகுகிறது. நீருக்கு அடியில் கூட அது இறுகும். ஆகவே, ஊற்றிய கான்கிரீட் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் அது நல்ல செய்தி அல்ல. வினை பாதியில் நிற்கிறது என்று பொருள். குறைந்தது 7 நாள்களுக்காவது ஈரச்சாக்கு போட்டோ, நெகிழித் தாளால் மூடியோ, நீர் தெளித்தோ அதன் ஈரத்தைக் காக்க வேண்டும். மறுநாளே வெயிலில் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவது ஒரு பிழை. அதைத் தடுக்க ஆகும் செலவு சில சாக்குகளும் ஒரு ரப்பர் குழாயும்தான்.

இறுகுவதற்கு நீர் வேண்டும் என்பதற்காகக் கலவையில் அதிகமாக ஊற்றுவது இதற்கு நேர்மாறான பிழை. 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 25 லிட்டர் நீர் என்றால், நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் 0.5. கலவை கெட்டியாக இருக்கிறது என்று இன்னும் 10 லிட்டர் ஊற்றினால் அது 0.7 ஆகிவிடும். வினையில் சேராத நீர் பின்னர் வெளியேறி நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பறிபோகலாம். அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் இந்தத் தொடர்பை 1918-லேயே வெளியிட்டுவிட்டார். மழையில் நனைந்த மணலையும் மறக்கக்கூடாது. 100 கிலோ ஈர மணலில் 5 லிட்டர் அளவுக்கு நீர் இருக்கக்கூடும். அதைக் கழித்துத்தான் புது நீர் சேர்க்க வேண்டும்.

இதற்காக வேலையாளைத் திட்டுவதில் நியாயமில்லை. கெட்டியான கலவையைக் கம்பிகளுக்கு இடையே தள்ளுவது இடுப்பொடியும் வேலை. அதிர்வுக் கருவி இல்லையென்றால் அவர் நீர் ஊற்றித்தான் தன் முதுகைக் காப்பாற்றிக்கொள்வார். கருவியும் மேற்பார்வையும் தர வேண்டியவர் குத்தகையாளர். கேள்வி அவரிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது கம்பி. கான்கிரீட்டின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 12.5. இந்தக் காரத்தன்மையில் இரும்பின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம்தான் அதைத் தாமதப்படுத்தும் கவசம். வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் என்று இருந்து, கம்பி பலகையை ஒட்டிக் கிடந்தால் கவசமே இல்லை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளி, கான்கிரீட்டைப் பெயர்த்து விழ வைக்கும். பழைய கட்டடங்களின் கூரையில் கம்பி தெரியும் இடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேதியியல் கூடத்தில் காரத்தில் விட்டதும் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீனைத்தான் இதைச் சோதிக்க இன்ஜினியர்களும் பயன்படுத்துகிறார்கள். புதிதாக உடைத்த பகுதி நிறம் மாறாவிட்டால் அங்கே காரம் போய்விட்டது. அந்த நிலைக்கு வராமல் இருக்க, கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டைகள் இருக்கின்றனவா என்று கான்கிரீட் ஊற்றும் முன் குனிந்து பார்த்தால் போதும்.

மூன்றாவது, குளியலறை. நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், வடிகாலை அடைத்துத் தரையில் நீர் தேக்கி 24 மணி நேரம் வையுங்கள். மாடிக் குளியலறை என்றால் கீழ்த்தளத்துக் கூரையைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பூச்சை அன்றே சரிசெய்யலாம். குடிபோன பிறகு தெரிந்தால் மொத்த டைல்ஸையும் உடைக்க வேண்டியிருக்கும்.

அளப்பதற்கும் பெரிய கருவி தேவையில்லை. ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் இரண்டு தூண்களில் பிடித்தால், இடையில் காற்றுக்குமிழி இல்லாத வரை, நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றாகவே நிற்கும். மூலை சதுரமா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 மீட்டரும் மற்றதில் 4 மீட்டரும் குறித்து, குறுக்கே அளங்கள். 5 மீட்டர் வந்தால் செங்கோணம். ஒட்டிய டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள். 'டொக்' என்று வெற்றொலி கேட்டால் அடியில் சாந்து பிடிக்கவில்லை.

சரி, பிழை கண்ணில் பட்டுவிட்டது. இப்போது என்ன செய்வது? கோபத்தில் குத்தகையாளரைப் பாதியில் அனுப்பிவிடுவது பலர் எடுக்கும் முடிவு. அடுத்து வருபவர் முன்னவரின் வேலைக்குப் பொறுப்பேற்க மாட்டார். முன்னவரும் திரும்பி வரமாட்டார். நடுவில் நிற்பது உங்கள் வீடு. அதற்குப் பதிலாகப் பிழையை மூன்றாகப் பிரியுங்கள். பாரம் தாங்கும் பகுதியிலா? நீர் புகும் இடத்திலா? அல்லது கண்ணுக்கு மட்டும் உறுத்தலா?

தூணிலும் உத்திரத்திலும் தேன்கூடுபோல் ஓட்டைகள், வெளியே தெரியும் கம்பி, சுவரில் சாய்வாக ஓடி நாளுக்கு நாள் விரியும் வெடிப்பு ஆகியவை முதல் வகை. இவற்றைச் சிமெண்டு பூசி மறைக்க அனுமதிக்காதீர்கள். வேலையை அந்த இடத்தில் நிறுத்தி, வரைபடத்தில் கையெழுத்திட்ட இன்ஜினியரை வரவழையுங்கள். சரிசெய்வதா, இடிப்பதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். குத்தகையாளரோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல. நீர் புகும் பிழையை மூடும் முன் சரிசெய்யச் சொல்லுங்கள். பூச்சில் ஓடும் மயிரிழை வெடிப்பு, சற்றே நிறம் மாறிய டைல்ஸ் போன்றவற்றைப் பட்டியல் போட்டுக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கத்தினால், உண்மையான ஆபத்தைச் சொல்லும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சொல்வதை எழுத்தில் சொல்லுங்கள். அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, தேதியுடன் அனுப்புங்கள். ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேருங்கள்: கம்பி கட்டியதும், கான்கிரீட் ஊற்றும் முன்னும், டைல்ஸ் ஒட்டும் முன்னும் நீங்களும் இன்ஜினியரும் பார்த்த பிறகே வேலை தொடரும்; கட்டம் கட்டமாக முடிந்த வேலைக்கே பணம், அதிலும் ஒரு சிறு பங்கு இறுதிவரை நிறுத்தி வைக்கப்படும். குத்தகையாளர் சி.ஐ.டி.பி.யில் பதிந்தவரா என்றும் கையெழுத்திடும் முன் பாருங்கள். இதனால் விலை கொஞ்சம் கூடலாம். கூடட்டும். சரியாகச் செய்பவருக்கு இந்த வரிகளால் நட்டமில்லை. இவற்றை ஏற்க மறுப்பவர் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதும் ஓர் இலாபம்தான்.

உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனத்திடம் வாங்குவோருக்குச் சட்டமே சில பாதுகாப்புகளைத் தருகிறது. சாவி பெற்றதிலிருந்து 24 மாதங்கள் குறைகளைச் சரிசெய்து தருவது நிறுவனத்தின் கடமை. எழுத்தில் தெரிவித்த 30 நாள்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். தவறினால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம். சொந்த நிலத்தில் குத்தகையாளரை வைத்துக் கட்டுவோருக்கு அந்த மன்றம் இல்லை. அவர்களுக்கு ஒப்பந்தமும் இன்ஜினியரும் தங்கள் கண்களும்தான் துணை.

அடுத்த முறை கட்டுமான இடத்துக்குப் போகும்போது வேலையாள்களுக்குத் தேநீரோடு ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். கான்கிரீட் ஊற்றும் நாளில் வேலைக்கு விடுப்பு எடுத்தாவது அங்கே நில்லுங்கள். சாயத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கப் பிறகு நிறைய நேரம் இருக்கிறது.