அண்டார்க்டிகாவில் மைத்ரி-2: அந்தக் குளிரில் போய் என்ன ஆய்வு?

திண்டுக்கல்லில் கத்திரி வெயில் முடிகிற மே கடைசியில், அண்டார்க்டிகாவின் மைத்ரி நிலையத்தில் சூரியன் மறைந்துவிடும். மறுபடி தலைகாட்ட சுமார் இரண்டு மாதம் ஆகும். அந்த இருட்டிலும் இருபது, இருபத்தைந்து இந்தியர்கள் அங்கே தங்கிக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். 1989 முதல் இயங்கும் மைத்ரிக்குப் பதிலாக மைத்ரி-2 கட்டும் திட்டத்தை, 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகள் கூட்டத்தில் இந்தியா அறிவித்தது.

சரி, இதையெல்லாம் இங்கேயே செய்யக் கூடாதா?

சூரியப் புயலையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானல் ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது; சூரியனின் கரும்புள்ளிகளைப் பார்க்க அது போதும். ஆனால், சூரியன் வீசும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்கள் பக்கம்தான் திருப்பிவிடுகிறது. செயற்கைக்கோள், ஜிபிஎஸ், மின்கட்டமைப்பு எல்லாவற்றையும் தொந்தரவு செய்யக்கூடிய இந்தக் கொந்தளிப்பை அளக்கத்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் மைத்ரியில் காந்தமானிகளை வைத்திருக்கிறது. கொச்சிக் கூட்டம் நடந்த அதே மாதம் 10ஆம் தேதி வந்த புயலில் லடாக் வானமே சிவந்தது.

காந்தமானி பக்கத்தில் இரும்பே ஆகாது. பையில் ஒரு பூட்டுச் சாவி இருந்தாலே அளவீடு கெடும், நம்ம ஊர்ப் பூட்டுக்கு அங்கே வேலையில்லை! குளிரோ வேறு விதமாகப் படுத்தும். பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், கிரீஸ் இறுகும். வறண்ட காற்றில் சேரும் நிலைமின்சாரம் மின்னணுப் பலகையைச் சுட்டுவிடும். கையுறையைக் கழற்றித் திருகு முடுக்கினால் விரல் மரத்துப்போகும். குளிர்காலத்தில் ஒரு பாகம் பழுதானால், கோடையில் கப்பல் வரும்வரை கையிருப்பை வைத்துத்தான் ஒப்பேற்றணும்.

முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியை 1983-84இல் பனித்தட்டின் மேலேயே கட்டினார்கள். பனி மூடிப் புதைந்ததால் 1990இல் கைவிட நேர்ந்தது. பாறைத் தரையில் நின்றதால் மைத்ரி 35 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

இப்போது பேச்செல்லாம் புதிய கட்டடத்தைப் பற்றியே இருக்கிறது. விஞ்ஞானத்துக்கு அதைவிட முக்கியம், பல ஆண்டுகளாகச் சேர்ந்துவரும் பதிவு அறுந்துபோகாமல் இருப்பது. குறைந்தது ஒரு குளிர்காலமாவது பழைய கருவியும் புதிய கருவியும் சேர்ந்தே ஓட வேண்டும். இல்லாவிட்டால், எண் மாறியது பூமியாலா, கருவி இடம் மாறியதாலா என்று பின்னால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.