துப்பாக்கி லாக்கைத் தேய்க்காதீர்கள்

எங்கள் வேளச்சேரியில் சில வீடுகளின் வரவேற்பறைச் சுவரில், குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி தொங்குகிறது. வைத்திருப்பவர்களிடம் ஒரே பேச்சுதான்: துருவைச் சுரண்டி, லாக்கை, அதாவது வெடிக்கச் செய்யும் இயக்க அமைப்பை, பளபளப்பாக்கி, குதிரை விழுந்தால் நெருப்புப் பறக்கச் செய்துவிட்டால் அது சீரமைப்பு. இது சீரமைப்பு அல்ல, அழிப்பு.

இந்தக் கருவி நம் பக்கத்து மண்ணோடு கலந்தது. 1746இல் அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பெரும்படையைச் சிறிய பிரெஞ்சுப் படை சிதறடித்தது, சக்கிமுக்கித் துப்பாக்கிகளின் ஓயாத சரமாரியால். 1759இல் பரங்கிமலைப் போரில் சிப்பாய்ப் படைத் தளபதி யூசுப் கான் ஆங்கிலேயர் பக்கம் நின்று பிரெஞ்சுக்காரரோடு மோதினார். அந்தக் காலத்து லாக் ஒன்று கிடைத்தால் அது சான்றுப் பொருள்.

"லாக் தகட்டில் சிங்கம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?" என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1808 வரை இதய வடிவ முத்திரையையும், பிறகு கிரீடம் ஏந்திய சிங்கத்தையும் இட்டது உண்மை. ஆனால் பழைய லாக்கை வேறு கட்டையில் பொருத்தியதுண்டு. உள்ளூர்க் கொல்லர்கள் முத்திரையைப் பார்த்து வெட்டியதுண்டு. அலங்காரப் போலிகளிலும் அது உண்டு. விடை தகட்டின் உட்புறத்தில் இருக்கிறது. அரத்தின் தடம், பாகங்களைப் பொருத்த வெட்டிய கோட்டுக் குறிகள், கையால் வெட்டிய மரை இவற்றைப் பாருங்கள். பழைய லாக்கின் திருகாணி பெரும்பாலும் அடுத்த லாக்கில் சேராது. போலியில் வார்ப்பின் சொரசொரப்பும் குமிழிகளும் தெரியும்.

"குதிரை அடித்தால் வெடிக்கும் கேப் வைக்கும் லாக் பின்னால் வந்தது, அதைச் சக்கிமுக்கிக்கே திருப்பிவிடலாம்" என்பது அடுத்த வாதம். 1840களில் கம்பெனிப் படை கேப் முறைக்கு மாறியபோது பழைய லாக்குகள் பல மாற்றியமைக்கப்பட்டன. மருந்துக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, மிஞ்சிய துளைகளை இரும்பால் அடைத்தார்கள். அடைத்த அந்தத் துளைதான் அந்த லாக்கின் வாழ்க்கை. அதன்மேல் புதுக் குதிரையைப் பொருத்துகிறவர் அதை அழிக்கிறார்.

மினுக்குவதற்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு: சிப்பாய்களே செங்கல் பொடி போட்டு லாக்கைத் துலக்கினார்களே! துலக்கினார்கள்தான். அதனாலேயே பல லாக்குகளில் எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. மிச்சமிருப்பது மிகக் குறைவு. மெருகேற்றும் பஃப் சக்கரம் பட்டால் தகட்டின் விளிம்பு மழுங்கும், உளிவேலை மறையும், கெட்டிப்படுத்திய மேல்தோல் போய்விடும். நம் உப்புக்காற்றில் கவலைப்பட வேண்டியது உதிரும் சிவப்புத் துருவைத்தான். இறுகிய கருந்தோல் இரும்பைக் காக்கிறது. மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ ஊறவிட்டு, மென்மையான பித்தளைத் தூரிகையால் துருவை மட்டும் நீக்கி, மெழுகு பூசினால் போதும். உப்புத்தாளும் அமிலமும் வேண்டாம். கழற்றுவதென்றால் பிரதான ஸ்பிரிங்கை அதற்கான பிடிகருவியால் அழுத்திப் பிடித்த பிறகே திருப்புளியை எடுங்கள். திருகாணிப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் திருப்புளியாக இருக்கட்டும்.

"பழசுக்கு உரிமம் எதற்கு?" என்பவர்கள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் படிக்க வேண்டும். பிரிவு 45 விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடமுடியாத வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதத்துக்கு மட்டும். லாக்கை இயங்க வைத்தால் அந்த விலக்கையே இழக்கக்கூடும். விற்பனைக்கோ கூலிக்கோ பழுது பார்க்கவும் உரிமம் தேவை. இன்னொன்று: பழைய குழலுக்குள் மருந்தும் குண்டும் இன்றும் கெட்டியாக இருக்கலாம். கோலை உள்ளே விட்டு ஆழத்தை அளக்காமல் எதையும் தொடாதீர்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டிலுள்ள லாக்கை உள்ளும் புறமும் படமெடுத்து வையுங்கள். அதுவரை அரம் எடுக்க வேண்டாம்.