புலப்பெயர்வுக் கல்வி யார் பக்கம்?

நவராத்திரியை ஒட்டி, ஒவ்வோர் ஆண்டும் பத்மநாபபுரத்திலிருந்து மூன்று தெய்வ விக்கிரகங்கள் திருவனந்தபுரத்திற்கு ஊர்வலமாகக் கொண்டுவரப்படுகின்றன. களியக்காவிளை எல்லையில் காவல்துறை அணிவகுத்து மரியாதை செய்கிறது. அவற்றுள் வேளிமலை குமாரசுவாமி தங்கவைக்கப்படும் இடம் ஆரியசாலை. அதே குமரி மாவட்டத்திலிருந்து, அதே சாலை வழியாக, ஆரியசாலைக் கடைத்தெருவுக்குக் கூலி வேலை தேடி வரும் தொழிலாளிக்கு வரவேற்பும் இல்லை. ஒன்றிய அரசிடம் முறையான கணக்கும் இல்லை. இந்த முரண்பாட்டை ஆராய வேண்டிய கல்வித்துறை ஒன்று நாட்டில் வளர்ந்து வருகிறது. புலப்பெயர்வு, புலம்பெயர் சமூகம் பற்றிய முதுகலைப் படிப்பும் ஆய்வும்தான் அது. அத்துறை யாருக்காகப் பேசப்போகிறது என்பது உழைக்கும் மக்களின் கேள்வி.

நகர்ந்தது யார்?

திருவிதாங்கூரின் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவுக்குத் தமிழ் வணிகர்கள் வந்தனர். அவர்களோடு மூட்டை சுமப்போரும் வண்டியோட்டிகளும் கடைச் சிப்பந்திகளும் வந்தனர். எழுத்தாளர் ஆ. மாதவன் தம் கதைகளில் பதிவு செய்தது இந்த உழைப்பாளிகளின் உலகத்தையே. அன்று நாகர்கோவிலிலிருந்து ஆரியசாலைக்கு வந்தவர் ஒரே சமஸ்தானத்திற்குள் ஊர் மாறியவர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்து, குமரி தமிழ்நாட்டுடன் இணைந்தது. அந்த ஒரே நாளில் ஆரியசாலைத் தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆனார். அவருக்குப் பின் வந்தவர் பிற மாநிலத் தொழிலாளி ஆனார்.

1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்தின் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்டக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டனர். இவர்கள் அயலகத் தமிழரா, தாயகம் திரும்பியவரா, கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினரா? பாடத்திட்டம் எந்த அத்தியாயத்தில் இவர்களை வைத்தாலும் மீதி இரண்டில் வரலாறு அறுந்து நிற்கும். இவர்களைக் கண்டியிலும் புனலூரிலும் ஒன்றாகப் பிணைத்திருப்பது தோட்டத் தொழிலாளி என்ற வர்க்க நிலையே.

டாலருக்கு மரியாதை, உழைப்புக்கு இருட்டடிப்பு

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இந்தியப் புலம்பெயர் சமூக ஆய்வு மையம் 1996இல் தொடங்கப்பட்டது. குஜராத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென மையம் உண்டு. ஆனால் ஒன்றிய அரசின் பார்வையில் புலம்பெயர்ந்தோர் என்றால் முதலீட்டாளர். 2003 முதல் ஜனவரி 9ஐ மையமாக வைத்து நடத்தப்படும் வெளிநாடுவாழ் இந்தியர் தின விழாக்களின் மேடை செல்வந்தர்களுக்கும் தொழில்நுட்ப வல்லுநர்களுக்கும் விரிக்கப்படுகிறது. 2024இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சுமார் 12,900 கோடி டாலரில் கணிசமான பங்கு வளைகுடாவின் கட்டுமானத் தளங்களிலும் சமையலறைகளிலும் சிந்தப்பட்ட வியர்வை. அந்தப் பணத்தைக் கொண்டாடும் ஆட்சியாளர்களுக்கு அதை ஈட்டியவர் கண்ணில் படுவதில்லை.

நாட்டுக்குள் புலம்பெயர்ந்தவரின் நிலை இதைவிடக் கொடிது. 2020 ஊரடங்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சொந்த மாநிலங்களுக்குத் திரும்பினர். வழியில் மாண்டவர் எத்தனை பேர் என்று அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அத்தகைய தரவு இல்லை என்று மோடி அரசு கூசாமல் பதிலளித்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 2027க்குத் தள்ளப்பட்டது. கணக்கு இல்லையென்றால் பொறுப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை. இதுவே இந்த மௌனத்தின் அரசியல்.

இதே தர்க்கம் சட்டத்திலும் தொடர்கிறது. 5 தொழிலாளர் இருந்தாலே பொருந்திய 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தின் இடத்தில், 10 பேர் என்று வரம்பை உயர்த்திய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. பழைய சட்டம் உறுதியளித்த இடப்பெயர்ச்சிப் படியும் பறிபோனது.

ஆய்வுக்கும் பூட்டு

கூலித் தொழிலாளியின் மகளே இந்தத் துறையில் படித்து இவற்றைக் கேள்வி கேட்டால் என்ன? அந்த வாசலும் அடைக்கப்படுகிறது. பட்டியல் சாதியினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் பயில உதவுவது தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை. 2022இல் திருத்தப்பட்ட அதன் விதிகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவியை மறுத்துவிட்டன. அதாவது, தன் தாயும் தந்தையும் ஏன் ஊரைவிட்டுப் போனார்கள் என்று ஆராய ஒரு தலித் மாணவிக்கு அரசு பணம் தராது. அதே ஆண்டில் மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. எம்ஃபில் படிப்பும் ஒழிக்கப்பட்டது. எஞ்சுவது, கட்டணம் செலுத்தவும் ஆங்கிலத்தில் எழுதவும் வசதி படைத்தவர்களின் ஆய்வு.

ஆய்வு நடுநிலையாக இருக்க வேண்டும், அதில் வர்க்க அரசியல் எதற்கு என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் ஆரியசாலை இருக்கும் அதே நகரைப் பார்க்கட்டும். அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் தொடங்கிய கேரளப் புலப்பெயர்வு ஆய்வு வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டியது. முதல் சுற்றில் சுமார் 13.6 லட்சமாக இருந்த வெளிநாடுவாழ் மலையாளிகளின் எண்ணிக்கை 2023 சுற்றில் 22 லட்சமாக மதிப்பிடப்பட்டது. பிற மாநிலத் தொழிலாளர்கள் கேரளத்தில் சுமார் 25 லட்சம் பேர் என்று 2013இல் குலாட்டி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவன ஆய்வு மதிப்பிட்டது. நேர்மையாக எண்ணப்பட்ட எண்கள் உழைப்பாளியின் கையில் ஆயுதமாகும். அதைப் பயன்படுத்தவும் அரசியல் உறுதி வேண்டும். இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக் காலத்தில் 2010இல் புலம்பெயர் தொழிலாளர் நலத்திட்டமும், 2017இல் ஆவாஸ் காப்பீட்டுத் திட்டமும் கேரளத்தில் வந்தன. அந்த உறுதி ஒன்றிய அரசிடம் இல்லாததால்தான் அது எண்ணுவதற்கே அஞ்சுகிறது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. தமிழ்நாடு, கேரளப் பொதுப் பல்கலைக்கழகங்களில் புலப்பெயர்வு முதுகலைப் படிப்பு அரசுச் செலவில், தாய்மொழியில் பயிலும் வாய்ப்போடு தொடங்கப்பட வேண்டும். துபாய்க்குப் போனவரும் திருப்பூருக்கு வந்தவரும் ஒரே பாடத்தில் இடம்பெற வேண்டும். 2022 உதவித்தொகை விதிகள் திரும்பப் பெறப்பட வேண்டும். ஆய்வு முடிவுகள் ஆய்வுக்கு உள்ளான மக்களின் மொழியில் அவர்களிடமே திரும்பி வர வேண்டும்.

இவற்றைப் பல்கலைக்கழகங்கள் தாமாகத் தரப்போவதில்லை. கேரளத்தின் 1978ஆம் ஆண்டு சுமைத் தொழிலாளர் சட்டத்திற்குப் பின்னால் சங்கமாகத் திரண்ட தொழிலாளர்களின் வலிமை இருந்தது. இன்று ஆரியசாலையிலும் கோவையிலும் வங்கம், அசாம், ஒடிசா தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். தமிழ்த் தொழிலாளி நேற்று நின்ற இடத்தில் அவர்கள் இன்று நிற்கிறார்கள். மாணவர் அமைப்புகள் பல்கலைக்கழகத்திற்குள்ளும், தொழிற்சங்கங்கள் கடைத்தெருவிலும் இக்கோரிக்கைகளை ஒருசேர எழுப்ப வேண்டும். அவர்களின் பெயரைச் சங்கப் பதிவேட்டில் எழுதும் வேலை எந்த முதுகலைப் பட்டத்திற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.