கடல் பார்க்கப் போனவர்கள்

பிரான்சின் தென்கரைக்கு நண்பர்களோடு போகிறவர்களின் திட்டத்தில் பெரும்பாலும் மூன்றே விஷயங்கள்தான்: கடல், வெயில், சாப்பாடு. மியூசியம் என்றால் கோஷ்டியில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். லீவு நாளில் யார் கால்வலியை விலைக்கு வாங்குவது?

ஆனால் நீஸ் நகரிலிருந்து ரயிலேறி ஆன்டீப் ஊரில் இறங்கி, கடலோர மதிலை ஒட்டி நடந்தால் ஒரு பழைய கோட்டை வருகிறது. 1946-ல் பிக்காசோ சில மாதங்கள் வேலை செய்தது இங்கேதான். யுத்தம் முடிந்த சமயம். நல்ல கான்வாஸ் கிடைக்கவில்லை. ஒட்டுப்பலகையிலும் சிமென்ட் அட்டையிலும் வரைந்தார். கிளம்பும்போது 23 ஓவியங்களையும் 44 கோட்டுச் சித்திரங்களையும் ஊரிடமே விட்டுச் சென்றார். 1966-ல் மியூசியத்துக்கு அவர் பெயர் வந்தது. சுவரில் மீனவர்கள், மீன்கள், ஆடுகள். ஜன்னலுக்கு வெளியே அவர் பார்த்த அதே மத்தியதரைக் கடல்.

பக்கத்து ஊரான கான்யு-சுர்-மேரில் ரெனுவாரின் வீடு. 1907-ல் ஆலிவ் தோப்போடு வாங்கியது. மூட்டு வாதத்தில் விரல்கள் முடங்கிய பிறகும் 1919-ல் இறக்கும்வரை இங்கே வரைந்தார். தோப்பு இன்னும் இருக்கிறது.

பெருநகர மியூசியங்களில் ஓவியங்கள் எங்கிருந்தோ வந்து தொங்குகின்றன. இங்கே பிறந்த வீட்டிலேயே இருக்கின்றன. படத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினால், காலையில் பார்த்த கடல் வேறாகத் தெரிகிறது.

முகம் சுளித்தவர்தான் கடைசியாக வெளியே வருவார்.