மொழிபெயர்க்கப் போனவன் பேர் என்ன?

மைக்கேல் ஜெஸ்ஸி ஷார்ப் என்ற பேரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீங்க. சமாதானம், முரண்பாட்டுத் தீர்வுன்னு பயிற்சிப்பட்டறை நடக்கிற இடங்களில் அவர் கதை அடிக்கடி வரும். அமெரிக்கர். மெனோனைட் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கன்சாஸ் மாநிலத்தில் ஹெஸ்டன் கல்லூரியில் வரலாறு படிப்பித்தவர். மெனோனைட் என்றால் ஆயுதம் தூக்காத கிறிஸ்தவப் பிரிவு. 1525இல் சூரிச் நகரத்தில் தொடங்கிய மறுஞானஸ்நான இயக்கத்தின் வழி வந்தவங்க. மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுப் பாதிரியார் பேரால் அந்தப் பெயர்.

ஷார்ப் சும்மா கோயிலுக்குப் போய் வந்த ஆள் இல்லை. ஜெர்மனியில் இருந்தபோது, இனிமேல் சுடமாட்டோம்னு சொன்ன அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்ட வழி காட்டினார். பிறகு மெனோனைட் மத்திய குழுவோடு கிழக்குக் கொங்கோவுக்குப் போனார். துப்பாக்கி இல்லாமல் காட்டுக்குள்ள நடந்து, கிளர்ச்சிப் படைக்காரங்க பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கணக்கா அவங்க கதையைக் கேட்டார். உள்ளூர்த் திருச்சபைகளோட அந்த வேலையால நூற்றுக்கணக்கானவங்க ஆயுதத்தை வச்சிட்டு வீடு திரும்பினாங்க. அப்புறம் ஐ.நா. நிபுணர் குழுவில் சேர்ந்தார். 2017 மார்ச் 12ஆம் திகதி, கசாய் பகுதியில், சுவீடனைச் சேர்ந்த சைதா கத்தலானோடு சேர்த்து அவரைச் சுட்டுக் கொன்றாங்க. அவருக்கு 34 வயசு. இரண்டு வாரம் கழிச்சு, 27ஆம் திகதிதான் உடல்கள் கிடைச்சது.

இந்த வாழ்க்கையில் குறை கண்டுபிடிக்க நான் வரல. இதை நமக்குச் சொல்லித் தர்ற விதத்தோடதான் எனக்குச் சண்டை.

அன்னைக்கு அந்தப் பாதையில் போனது இரண்டு பேர் இல்லை. பேத்து சிந்தேலா என்ற கொங்கோ மொழிபெயர்ப்பாளர் கூடப் போனார். மோட்டார் சைக்கிள் ஓட்ட மூன்று பேர் போனாங்க. வெள்ளைக்காரரும் சுவீடன்காரியும் எங்கே உட்கார்ந்து போனாங்களோ, அந்த சைக்கிளை ஓட்டினவங்க. அந்த ஊர் மொழி ஷார்ப்புக்கு எப்படிப் புரிஞ்சது? சிந்தேலா வாயால. ஆனா பெரும்பாலான செய்திகளில் "மொழிபெயர்ப்பாளரும் மூன்று சாரதிகளும்" என்று அரை வாக்கியம்தான். 2022 ஜனவரியில் கனங்கா நகர இராணுவ நீதிமன்றம் 51 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அதுவும் உலகத்துக்கு "இரண்டு ஐ.நா. நிபுணர்கள் கொலை வழக்கு"தான். நாலு பேரைக் காணோம்.

இதில் என்னை உறுத்துறது ஒன்னு இருக்கு. ஷார்ப் கசாய்க்கு எதுக்குப் போனார்? அரச படைக்கும் கமுயினா இன்சாப்பு ஆயுதக்குழுவுக்கும் நடுவில் செத்து, கூட்டுப் புதைகுழிகளில் கிடந்த மனுசங்க விஷயத்தை விசாரிக்கப் போனார். யார் கொன்றது, யார் செத்தது என்று எழுத்தில் கொண்டுவரப் போனார். பேரில்லாத பிணங்களுக்காக உயிரை விட்ட ஆளை நினைவுகூரும்போது கூடப் போன நாலு பேரைப் பேரில்லாம விட்டா, அவர் செய்த வேலையை நாமே கலைச்சுப் போடுறோம். அவரைக் கும்பிட்டுக்கிட்டே.

"கதைன்னா ஒரு நாயகன் வேணும்தானே, எல்லாப் பேரையும் சொல்ல முடியுமா?"ன்னு கேட்பீங்க. கேட்டிருக்காங்க. ஒரு கேள்வி திருப்பிக் கேக்குறேன்: ஏன் எப்பவும் ஒரே பக்கத்து ஆளுக்குத்தான் பேர் கிடைக்குது?

மிஷனரி வீட்டுப் பிள்ளைகள் கதை எல்லாம் இப்படித்தான். நம்ம மொழி பேசுற ஊரிலேயே பாருங்க. ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தாத்தா ஜோன் ஸ்கடர் அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்தவர். இளம்பெண்ணா திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினாங்க, பிரசவத்தில் தவிக்கிற மனைவியைக் காப்பாத்தச் சொல்லி. பெண் வைத்தியர் இல்லை. ஆண் வைத்தியரை, அதாவது ஐடாவோட அப்பாவை, உள்ளே விட அந்தக் கணவர்களுக்கு மனசில்லை. விடியும்போது மூன்று பெண்களும் செத்துப் போயிருந்தாங்க. அந்த ராத்திரிதான் ஐடாவை டாக்டராக்கியது, 1900இல் வேலூரில் ஒரு கட்டிலோட தொடங்கின சிகிச்சை பெரிய ஆஸ்பத்திரியானதுன்னு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரி நிஜம், அதில் பிழைச்ச லட்சக்கணக்கான உயிரும் நிஜம். அந்த மூன்று பெண்கள் பேர் என்ன? ஒருத்தி பிராமணர் மனைவி, ஒருத்தி முஸ்லிம் மனைவி, இன்னொருத்தி இன்னொருவர் மனைவி. கதையில் அவங்களுக்கு இருக்கிற வேலை சாகிறது மட்டும்தான்.

மிஷனரி பிள்ளை பிறக்கும்போதே கடிதம், புகைப்படம், சபைப் பத்திரிகை எல்லாம் கூடவே பிறக்குது. பல்லு முளைச்சதையும் யாரோ அத்தைக்கு எழுதி வைக்கிறாங்க. அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்த ஆயாவுக்கு அது எதுவும் இல்லை. நல்ல மனசுக்காரங்களா கெட்டவங்களா என்கிறது இங்க பேச்சே இல்லை. காகிதம் யார் கையில் இருந்தது என்கிறதுதான் பேச்சு.

சப்ரகமுவவில் இருந்து எழுதுறதாலதான் இது எனக்கு இவ்வளவு சுடுது. 1913இல் ஜே. பென்றி லூயிஸ் என்ற வெள்ளைக்கார சிவில் சேவை அதிகாரி, இலங்கையில் இருக்கிற ஐரோப்பியர் கல்லறை வாசகங்களை எல்லாம் தொகுத்து ஒரு தடித்த புத்தகம் போட்டார். யார் மகன், எந்த வேலை பார்த்தார், எப்படிச் செத்தார் என்ற குறிப்புகளோட. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த வழியில் விழுந்த நம்ம ஆட்களுக்கு ஒரு பக்கமாவது உண்டா? ஆயிரக்கணக்கில் செத்தாங்கன்னு மட்டும் சொல்றோம். எண்ணிக்கையைக் கூட ஆளுக்கொரு விதமா சொல்றோம்.

சரி, அது பழைய கதைன்னு வைங்க. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் தோட்டம். கிராம விஸ்தரிப்புக்குன்னு அரசு அந்தத் தோட்டத்தை எடுத்துக்கிட்டு, லயத்தில் இருந்த நம்ம சனத்தை வெளியே போகச் சொன்னது. அவங்க போகல. யாரையும் அடிக்கல, எதையும் கொளுத்தல. லயத்தை விட்டு எழும்பல, அவ்வளவுதான். 1946இல் அதுக்காகப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அத்துமீறி நுழைந்ததா வழக்குப் போட்டாங்க. ஒரு வழக்கு 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. குடியிருந்த இடத்தைக் காப்பாத்திக்க இருந்தவன் மேல அந்தக் குற்றம் நிற்காதுன்னு அங்கே முடிவாச்சு. மன்னர் எதிர் செல்வநாயகம். இன்னைக்கும் இங்கேயும் மலேசியாவிலும் சட்டம் படிக்கிறவங்க அந்தப் பேரை மனப்பாடம் பண்ணுறாங்க.

ஆயுதமில்லாம, அரசு சொன்னதைச் செய்யமாட்டேன்னு உட்கார்ந்த ஒரு தோட்டத் தொழிலாளி. மெனோனைட்காரங்க ஐநூறு வருஷமா எதைப் பெருமையாப் பேசுறாங்களோ, அதே காரியம். நம்ம பயிற்சிப்பட்டறைகளில் செல்வநாயகம் கதையை யாராவது சொல்லி நீங்க கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அவர் ஒரு வழக்கிலக்கமாயிட்டார். வழக்குக்கு முன்னாடியே 1948 குடியுரிமைச் சட்டம் வந்து, அப்படிப்பட்ட இலட்சக்கணக்கான பேரை நாடில்லாதவங்களா ஆக்கியாச்சு.

இன்னும் கிட்டத்தில் வாங்க. 2016 மே 17. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டவங்க போயிட்டாங்க. பெருந்துயரம், அந்தக் குடும்பங்கள் இன்னும் மீளல. அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன பக்கம் லயத்து மேல மண் விழுந்து பத்துக்கு மேற்பட்ட நம்ம ஆட்கள் புதைஞ்சாங்க. கொழும்பில் ஒரு பத்து பேரை நிறுத்திக் கேளுங்க, எத்தனை பேர் களுபஹனன்னு சொல்றாங்கன்னு. ஏன் கொழும்பு? ஹற்றனில் கேளுங்க. மலையகம்னா நுவரெலியா மட்டும்தான்னு நம்ம ஆட்களே நினைக்கிறாங்க. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தோம், நல்ல காரியம். இறப்பர் மரத்துக்குப் பால் வெட்டுற கேகாலைத் தொழிலாளியும், 1981 ஆகஸ்டில் லயம் எரிஞ்சு ஓடிப்போன இரத்தினபுரி, கஹவத்தைக் குடும்பமும் அந்தப் பேச்சுகளில் எத்தனை நிமிஷம் வந்தாங்க?

மெனோனைட்காரங்க கிட்ட இருந்து நாம திருட வேண்டியது ஷார்ப்போட தியாகத்தை இல்லை, அவங்க கணக்குப்பிள்ளைத்தனத்தை. 16ஆம் நூற்றாண்டில் அவங்களைத் துரத்தித் துரத்திக் கொன்றாங்க. எரிச்சாங்க, தண்ணியில் அமுக்கினாங்க. செத்தவங்க நெசவாளி, தையற்காரன், வேலைக்காரப் பெண். அரசன் அவங்களை எழுதி வைக்கல. அவங்க ஆட்களே எழுதினாங்க. 1660இல் வான் பிராக்ட் என்ற துணி வியாபாரி பாதிரியார் "இரத்தசாட்சிகளின் கண்ணாடி" என்ற பெரும் தொகுப்பைப் போட்டார். 1569இல் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் உறைபனி மேல தப்பி ஓடும்போது, துரத்தி வந்தவன் பனி உடைஞ்சு தண்ணியில் விழ, திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதுக்குப் பரிசா அவரைப் பிடிச்சு எரிச்சாங்க. நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊர்க்காரன் பேர் இன்னைக்குக் கேகாலையில் இருக்கிற எனக்குத் தெரியுதுன்னா, யாரோ நேரம் மெனக்கெட்டு எழுதினாங்க. (அந்தப் புத்தகத்திலும் காப்பாத்தப்பட்டவனுக்குப் பேர் இல்லை என்கிறது வேற விஷயம்.)

நமக்கு எழுத ஆள் இல்லையா? க.பொ.த. உயர்தரம் எழுதினவங்க, கம்பஸ் போனவங்க, ஆசிரியர் ஆனவங்க எல்லாத் தோட்டத்திலும் இருக்காங்க. தலைவர்மார் பிறந்தநாளுக்குப் போஸ்டர் அடிக்கத் தெரியுது, மெனோனைட் இளைஞன் வாழ்க்கைக்குக் கண்கலங்கத் தெரியுது. பக்கத்து லயத்தில் மண்ணுக்குள்ள போன பிள்ளை எத்தனையாம் வகுப்பு படிச்சதுன்னு கேட்டா முழிக்கிறோம்.

வர்ற தீபாவளிக்கு வீட்டுக்குப் போறவங்க ஒரு கொப்பி வாங்கிட்டுப் போங்க. உங்க அப்பாயி, தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. பேர், வயசு, எந்த டிவிசன், பால் வெட்டா கொழுந்தா, யாரோட பிள்ளை, எங்கே புதைச்சாங்க. அந்த இடத்தில் இப்ப மறுநடுகை நடந்திருந்தா அதையும் எழுதுங்க. செக்ரோலில் இருக்கிற பேரோட கூப்பிடுற பேரையும் சேர்த்து எழுதுங்க. செக்ரோலில் ஒரு பேர், வாசலில் ஒரு பேர் நம்ம ஆட்களுக்கு, தேடுறவங்களுக்கு இரண்டும் வேணும்.