தவறை மறைக்கச் சொல்லும் அச்சம்

செந்துறை வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் உண்டு. முந்திரிக் காடும் வயலும் உண்டு. எங்கே வேலைக்குப் போனாலும் நம் நெஞ்சில் ஒரே அச்சம்: கை தவறிவிட்டால் என்ன ஆகும்?

பெல்ட் அறுந்தால் கூலியில் பிடித்தம். பயிர் கருகினால் "நாளை முதல் வராதே" என்ற சொல். இதுதான் அச்சத்தின் வேர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது இரட்டிப்பு. இரண்டு ஷிப்டு தொடர்ந்து நின்றவன் கண் அயர்ந்தால் அவனைத்தான் கேட்கிறார்கள். நிற்க வைத்தவரைக் கேட்பதில்லை.

அச்சம் தவறைக் குறைப்பதில்லை, மறைக்கிறது. பூச்சிமருந்து அளவு கூடிவிட்டதென்று உடனே சொன்னால் தண்ணீர் சேர்த்துச் சரிக்கட்டலாம். பயந்து அப்படியே அடித்தால் பயிரும் போகும், அடித்தவர் உடம்பும் கெடும். பெல்ட் உருளை சூடேறியதை மறைத்தால் அடுத்த ஷிப்டில் வரும் தோழரின் உயிருக்கே ஆபத்து.

நம் ஊர் ரயில் பாதையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. வெள்ளம் பாதையை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வெள்ளத்தை அவர் வரவழைக்கவில்லை. ஆயினும் மேலே இருப்பவருக்கும் பொறுப்பு உண்டென்று ஒப்பினார். ஆலையில் மட்டும் எல்லாப் பழியும் கடைசிக் கையின் மேல் விழுவது என்ன நியாயம்?

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டமே அபராதத்துக்கு வரம்பு கட்டியது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் வரம்பு உண்டு. அபராதம் அந்தக் காலத்துக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் விதிக்கக் கூடாது. 90 நாள் கடந்தால் பிடிக்கக் கூடாது. நஷ்டத்துக்குப் பிடிப்பதானாலும், அது அவருடைய அலட்சியத்தால் நேர்ந்ததாக இருக்க வேண்டும்.

நம்மிடமும் குறை உண்டு. புதிதாக வந்த பையன் தடுமாறினால் சிரிக்கிறோம்; மேஸ்திரி திட்டும்போது தலை குனிந்து நகர்ந்துவிடுகிறோம். பிறகு அவன் தவறை யாரிடம் சொல்வான்?

தோழர்களே! தவறினால் உடனே சொல்வோம். சொன்னவரைத் தனியே விடாமல் நாலு பேராகச் சேர்ந்து மேஸ்திரி முன் நிற்போம். புதியவருக்கு வேலையைப் பொறுமையோடு கற்றுக் கொடுப்போம். வேலை செய்கிற கைதான் தவறும். அந்தக் கைக்குத் துணையாக இன்னும் பத்துக் கைகள் இருந்தால் அச்சம் தானே விலகும்.