பெட்டியின் மேல் அச்சிட்ட பொய்

சென்ற இதழில் வந்த கட்டுரை ஸ்கூபா டைவர்களுக்கு ஒரு சூத்திரத்தைக் கொடுத்தது. பெட்டியில் போட்டிருக்கும் லூமன் எண்ணை விலையால் வகுத்துப் பாருங்கள், ரூபாய்க்கு அதிக லூமன் தரும் வீடியோ லைட்டை வாங்குங்கள், மற்றதெல்லாம் விற்பனைக்காரர்களின் மிரட்டல். இதுதான் அதன் சாரம். இரண்டு 18650 லித்தியம் பேட்டரியில் ஓடுகிற, 20,000 லூமன் என்று போட்ட, இரண்டு மணி நேரம் எரியும் என்று சொல்லப்பட்ட ஒரு லைட்டைக் கட்டுரையாளர் மனமாரப் பரிந்துரைத்தும் இருக்கிறார். அவர் எடுத்துக் கொடுத்த எண்களை வைத்தே அது பொய் என்று காட்டிவிடலாம். பள்ளிக் கணக்கு போதும். வாசகர்களைக் காசு போட்டு வாங்கச் சொன்னவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

நாம் போட்டுப் பார்ப்போம். நல்ல 18650 செல் ஒன்றின் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். 9,900 என்று உறையில் அச்சிட்டு வருபவை எல்லாமே போலி. 3,500-ஐ 3.6 வோல்ட்டால் பெருக்கினால் செல்லுக்கு 12.6 வாட்-மணி, இரண்டுக்கும் சேர்த்து 25. நல்ல வெள்ளை எல்இடி, இழப்பெல்லாம் போக, வாட்டுக்கு 100 முதல் 130 லூமன் வரை தரும். ஆக 20,000 லூமனுக்கு 150 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். அந்த வேகத்தில் எரித்தால் 25 வாட்-மணி பத்தே நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதற்கும் ஒவ்வொரு செல்லும் 20 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும். இந்தக் கொள்ளளவுள்ள செல்கள் பொதுவாக 10 ஆம்பியரோடு நின்றுவிடும். சரி, இரண்டு மணி நேரம் எரியும் என்பதையாவது நம்புவோம். 25 வாட்-மணியை இரண்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் பன்னிரண்டரை வாட். அதிலிருந்து வருவது 1,300, மிஞ்சிப்போனால் 1,600 லூமன். பெட்டியின் ஓர் எண்ணை நம்பினால் மற்றது பொய்யாகிறது. கட்டுரையாளர் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

டார்ச் அளவீட்டுக்கு எஃப்எல்1 என்று ஓர் அமெரிக்கத் தரம் 2009-இலிருந்து இருக்கிறது. விளக்கை எரியவிட்டு 30 வினாடி கழித்துத்தான் வெளிச்சத்தை அளக்க வேண்டும் என்கிறது அது. எரியும் நேரமோ, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. இந்த நேர்மையான தரத்தில்கூட இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று பொருளில்லை. டைவ் தொடங்கி நாற்பதாவது நிமிடத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதைத்தான் டைவர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி கட்டுரையில் எங்குமே இல்லை.

அடுத்து, அவர் செய்த சோதனை. மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டுச் சுவரில் இரண்டு லைட்டுகளை அடித்துப் பார்த்தாராம். மலிவானது கண்ணைப் பறித்ததாம், விலை கூடியது மங்கலாக இருந்ததாம். இருக்கத்தான் செய்யும். ஒன்று 10 டிகிரிக் கோணத்தில் ஒளியைக் குவிக்கும் டார்ச், மற்றது 100 டிகிரிக்கு விரிக்கும் வீடியோ லைட். இரண்டிலும் ஒரே லூமன் இருந்தாலும் குவிந்த ஒளியின் நடுப்பகுதி கிட்டத்தட்ட 90 மடங்கு பிரகாசமாகத் தெரியும். சுவரில் ஜெயித்த அந்த டார்ச்சைக் கடலுக்குள் கொண்டுபோய்ப் படம் எடுத்தால், சட்டகத்தின் நடுவில் வெந்துபோன ஒரு வெள்ளை வட்டமும் சுற்றிலும் இருட்டும்தான் கிடைக்கும். தட்டைக் கண்ணாடி முகப்புள்ள லைட் தண்ணீருக்குள் போனதும் ஒளிவிலகலால் இன்னும் சுருங்கும். காற்றில் 120 டிகிரி என்று போட்டிருப்பது நீரில் ஏறக்குறைய 80 டிகிரி ஆகிவிடும். நீருக்குள் கோணம் எவ்வளவு என்று கேட்காமல் வீடியோ லைட் வாங்கவே கூடாது. மாடியில் செய்த சோதனையால் இதில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

இதையெல்லாம்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். நிறத்தைப் பற்றி எழுதியதை விட முடியவில்லை. வெள்ளை ஒளி எல்லாம் ஒன்றுதான் என்கிறார். கடலுக்குள் லைட் எடுத்துப் போவதே நிறத்துக்காகத்தானே! நீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். தெளிந்த நீரிலும் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி இரண்டு மீட்டர் கடப்பதற்குள் பாதியாகிவிடும். லைட்டிலிருந்து மீனுக்கு ஒரு மீட்டர், மீனிலிருந்து கேமராவுக்கு ஒரு மீட்டர், அவ்வளவுதான், பாதிச் சிவப்பு போயிற்று. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் கால்வாசிதான் மிஞ்சும். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒன்றாவதும் இதோடு சேரும். எத்தனை ஆயிரம் லூமன் என்றாலும் வீடியோ லைட் ஒரு மீட்டர் தொலைவுக்கான கருவி. மூழ்கிய கப்பலை முழுக்க வெளிச்சமாக்கும் என்று கட்டுரையாளர் ஆசை காட்டியது நடக்காது.

லைட்டிலிருந்து புறப்படும்போதே சிவப்பு குறைவாக இருந்தால் என்ன மிஞ்சும்? மலிவான நீல வெள்ளை எல்இடிகளின் குறை இதுதான். நிறத்தைக் காட்டும் திறனை சிஆர்ஐ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். அது எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. அடர்சிவப்பை அளக்கும் ஆர்9 அந்தச் சராசரியில் சேராது. சிஆர்ஐ 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கலாம். அந்தமான் பவளத்திட்டிலோ திருகோணமலைப் பாறையிலோ கடல் விசிறியின் சிவப்பைப் படமாக்க ஆசைப்படுகிற ஒருவருக்கு, லூமனைப் பாதியாகக் குறைத்தாவது சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1956-இல் கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த ‘மௌன உலகம்’ படம் கடலடியின் நிறங்களைத் திரையில் காட்டியதே செயற்கை ஒளியைக் கீழே கொண்டுபோனதால்தான்.

நிறம் குறைந்தால் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது அவருடைய அடுத்த வாதம். 2019-இல் டெரியா அக்காய்னாக்கும் தாலி திரைபிட்ஸும் வெளியிட்ட ‘சீ-த்ரூ’ முறையைச் சாட்சிக்கு இழுக்கிறார். அது அருமையான ஆய்வு. ஆனால் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற கணக்கு அதற்கு வேண்டும். சுருக்கப்படாத மூலப்படமும் வேண்டும். கைக்கடக்கமான கேமராவில் சுருக்கிப் பதிவான வீடியோவில் சிவப்பே பதியாமல் போயிருந்தால் எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. இழுத்துப் பார்த்தால் புள்ளிப் புள்ளியாக இரைச்சல்தான் வரும். ஓரிடத்தில் மட்டும் அவர் சொன்னது சரி. நண்பகலில், பத்து மீட்டருக்குள், தெளிந்த நீரில் சூரியனோடு எந்த மலிவு லைட்டும் போட்டி போட முடியாது. அங்கே சிவப்பு ஃபில்டரும் கையால் அமைத்த வெள்ளைச் சமநிலையும் போதும். ஆனால் அதே ஃபில்டரை மாட்டிக்கொண்டு லைட்டையும் போடச் சொல்கிறாரே! அப்படிச் செய்தால் அருகிலுள்ள எல்லாம் ஆரஞ்சாகத்தான் வரும். செய்து பார்த்த ஒருவர் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

இந்தக் குறைகளைச் சொல்கிறவர்கள் பணக்காரர்களின் ஆட்கள் என்றும் எழுதியிருக்கிறார். என்னைக் கொதிக்க வைத்தது அதுதான். பணமுள்ளவர் தவறான லைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்வார். சேர்த்து வைத்த சம்பளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை சுவராஜ் தீவுக்கோ புதுச்சேரிக்கோ போகிறவருக்கு அந்த வசதி இல்லை. மூன்றாவது டைவில் லைட் அணைந்தால் அவருடைய அந்த ஆண்டு போயிற்று. அவருக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு அவரிடமே போலி எண்ணை விற்பது அநியாயம். குறைந்த செலவில் செய்ய வேண்டியது வேறு. ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர் டைவ் சென்டரில் வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கலாம். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் உண்மையான 2,000 லூமன், அகலக் கோணம், நல்ல சிஆர்ஐ, இரட்டை ஓ-ரிங், கழற்றி மாற்றக்கூடிய நல்ல செல் உள்ள ஒரே ஒரு லைட் போதும். அதைக் கேமராவோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை நீட்டத்துக்குத் தள்ளிப் பக்கவாட்டில் பொருத்துங்கள். புதுச்சேரிக் கடல் கலங்கியிருக்கும் நாட்களில் முன்னால் மிதக்கும் துகள்கள் பனி கொட்டுவதுபோல் மின்னாமல் இருக்க அதுதான் வழி. பழையதும் வாங்கலாம், மரையிலும் பேட்டரி முனையிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, ஃபோனில் வேகமான ஷட்டரில் படம் பிடித்துப் பாருங்கள். வரி வரியாக ஓடினால் வீடியோவிலும் அப்படித்தான் ஓடும், வாங்காதீர்கள். வாங்கியதை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக அந்தப் பிவிசி குழாய். சாதாரண டார்ச்சைக் குழாய்க்குள் வைத்து எபாக்சி பசையால் அடைத்துவிட்டால் 30 மீட்டர் போகலாம் என்று எழுதியிருக்கிறார். உள்ளே இருக்கும் டார்ச் ஐபிஎக்ஸ்8 என்பதால் கவலை இல்லையாம். ஐபிஎக்ஸ்8 எந்த ஆழத்தையும் குறிக்காது. ஒரு மீட்டருக்கு மேல் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரே அறிவித்துக்கொள்ளும் வகை அது. 30 மீட்டரில் சுற்றியுள்ள அழுத்தம் நான்கு பார். பசையில் மயிரிழை விரிசல் விழுந்தால் உப்புநீர் லித்தியம் செல்லைத் தொடும். வாயு கிளம்பும், வெளியேற வழியில்லாத குழாயில் அழுத்தம் ஏறும். படகுக்கு வந்து அதைத் திறக்கிறவரின் முகத்துக்கு நேராகத்தான் அது வெடிக்கும். முறையாகச் செய்த லைட்டுகள் சிலவற்றில் இதற்காகவே அழுத்த வால்வு வைக்கிறார்கள்.

அடையாளம் தெரியாத செல்களை இரவு முழுக்கப் படகில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்பதும் அதே பத்தியில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிபோர்னியாவில் ‘கன்செப்ஷன்’ என்ற டைவ் படகு எரிந்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். தீ எப்படிப் பிடித்தது என்பதை விசாரணையால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனாலும் ஆள் கவனிக்காத நேரத்தில் லித்தியம் பேட்டரிகளை அளவின்றிச் சார்ஜ் போடவிடாதீர்கள் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை அந்த மாதமே படகு நடத்துகிறவர்களுக்கு அறிவுறுத்தியது.

லூமன் கணக்கைத் தவறாகப் போட்டதால் வாசகரின் பணம் போகும். குழாய்ப் பத்தியால் கண் போகும், உயிரும் போகும். மற்றவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், நான் தயார். அந்த ஒரு பத்தியை மட்டும் கட்டுரையாளர் அடுத்த இதழிலேயே, தன் பெயரிலேயே, திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.